கை மேலே ஏற வேண்டும்

என் மாமியார் பாப்பாயிக்கு இடது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. ஆவணிக் கடைசியில் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தக் கை தலைக்கு மேல் போய், அங்கேயே அசையாமல் நிற்க வேண்டும். போகாவிட்டால் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க முடியாது. அந்த ஆடி மாதம் முழுக்க என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது இது ஒன்றுதான்.

மாசியில் புற்றுநோய்க்காக அவருடைய இடது மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள். பிறகு சில வாரங்களுக்கு ஒரு தடவை மருந்து ஏற்றினார்கள். தலைமுடி போனது, புருவம் போனது, வாய் முழுக்கப் புண்ணானது. அதையெல்லாம் அத்தை வாய் திறக்காமல் தாங்கிக்கொண்டார். கடைசி மருந்து முடிந்ததும் டாக்டர் அவரைப் படுக்க வைத்து, கையைத் தலைக்கு மேல் கொண்டுபோகச் சொன்னார். கை தோள் மட்டத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. அத்தை பல்லைக் கடித்து முயன்றார். முகம்தான் மேலே போனது, கை போகவில்லை.

டாக்டர் அத்தையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பேசினார். "இப்படி இருந்தா கரண்டு வைக்க முடியாதும்மா. கதிர் போற வழியில கை நிக்குது. ரொம்பத் தள்ளிப் போடவும் கூடாது. ஆவணி கடைசியில கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள கை மேல ஏறணும்."

அவர் அனுப்பிய பிசியோதெரபி அறைக்குள் பெண்கள் மட்டும்தான் போகலாம் என்பதால் என் கணவர் சதீஷ்குமார் வெளியே நின்றார். உள்ளே இருந்தவர் ருக்ஸார் மேடம். ராசிபுரத்துக்காரர். எங்கள் பேச்சே பேசினார்.

"நாள் பூரா ஊட்டுல என்னம்மா பண்றீங்க?"

"உக்காந்திருக்கேனுங்க" என்றார் அத்தை.

"அப்புறம்?"

"அப்புறம் படுத்துக்குவேனுங்க."

மேடம் சிரித்துவிட்டார். "கொல்லிமலையில இருந்துக்கிட்டு நடக்க மாட்டேங்கறீங்களே! டவுன்காரங்க நடக்கறதுக்குன்னே காசு செலவு பண்ணி அங்க வாராங்க."

"கைக்குத்தானுங்களே நோவு? காலு எதுக்கு நடக்கோணும்?"

"நல்லாக் கேட்டீங்க" என்று மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வைத்தியம் நடக்கும் காலத்தில் தினமும் நடக்கிறவர்களுக்கும் கைப்பயிற்சி செய்கிறவர்களுக்கும் அசதி குறைகிறது, தூக்கம் வருகிறது, மனசு கொஞ்சம் லேசாகிறது என்று சொன்னார். "இதுவே நோயைக் கொன்னு போடும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வைத்தியத்தைத் தாங்கறதுக்கு உடம்பு கெட்டியாகும். அசதியா இருக்குன்னு உக்காந்தீங்கன்னா அசதி இன்னும் ஏறும். கொஞ்சமா எந்திரிச்சு நடந்தா அது இறங்கும். கேக்கறதுக்குத் தலைகீழாத்தான் இருக்கும், ஆனா அப்படித்தான்."

பிறகு என்னை அருகே அழைத்துக் காட்டினார். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் சுவரில் ஏறுவது. மல்லாந்து படுத்து ஒரு குச்சியை இரண்டு கையாலும் பிடித்துத் தலைப்பக்கம் கொண்டுபோவது. தோளை உருட்டுவது. காலையும் மாலையும் நடப்பது. நான் ஒவ்வொன்றையும் அவர் முன்னால் செய்து காட்டி, சரியா சரியா என்று கேட்டேன். சரி என்றார். அப்படியும் மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வலி வந்தால் நிறுத்தச் சொன்னாரா, வலித்தாலும் விடாமல் செய்யச் சொன்னாரா? ஒவ்வொரு திருப்பத்திலும் ஒவ்வொரு மாதிரி நினைவு வந்தது. ஊருக்கு வந்ததும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம், சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு ஓடிப் போய் போன் செய்தேன்.

"இழுக்கணும். குத்தக் கூடாது" என்றார் மேடம். "இழுக்கற மாதிரி இருந்தா சரி. குத்துச்சுன்னா நிறுத்திடுங்க. இவ்வளவுதான். பயப்படாதீங்க."

பயப்படாமல் இருக்க எனக்குத் தெரியாது.

சாமை மூட்டை அடுக்கியிருக்கும் உள்ளறையில் சுவரோரம் இடம் ஒதுக்கினேன். அத்தையின் விரல் எட்டும் இடத்தில் கரியால் ஒரு கோடு போட்டேன். தினமும் காலையில் அந்தக் கோட்டைத் தாண்டுகிறாரா என்று பார்ப்பது என் திட்டம். முதல் வாரம் கோடு நகரவே இல்லை. கோட்டைச் சரியான இடத்தில்தான் போட்டேனா என்று எனக்கே சந்தேகம். அவர் நிற்கும் இடம் மாறியிருந்தால்? அதனால் தரையிலும் அவர் கால் வைக்கும் இடத்தில் ஒரு கோடு போட்டேன்.

"என்ன கண்ணு, பாண்டி ஆடப் போறமா?" என்றார் அத்தை.

கைப்பயிற்சிக்காவது சம்மதித்தார். நடக்க மட்டும் வரவே மாட்டேன் என்றார். கதவைச் சாத்திவிட்டுச் செய்வதை யாரும் பார்க்கப் போவதில்லை. நடப்பதென்றால் ஊர் பார்க்கும். அவருடைய பயமே அதுதான்.

எனக்கு அது புரியவே சில நாள் ஆனது. என் அப்பா இந்த மலையில் பிறந்தவர்தான் என்றாலும், பேளுக்குறிச்சிச் சந்தைக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். நான் வளர்ந்தது கீழே. இங்கே, தேவனூர் நாட்டில் எங்கள் சின்ன ஊரில், சாமைக்காட்டில் களை எடுப்பது மாத்தாள் முறையில் நடக்கிறது. இன்று என் காட்டில் நீங்கள் எல்லோரும், நாளை உங்கள் காட்டில் நான். இதில் கூலி கிடையாது. கூலிக்கு ஆள் அனுப்பினாலும் செல்லாது. யார் வர வேண்டுமோ அவர் வாசலில் முந்தின நாள் சாயங்காலம் ஒரு களைக்கொத்தை வைத்துவிட்டுப் போவார்கள். வாயால் சொல்வதில்லை. நோவில் படுத்தவர் வாசலில் களைக்கொத்து வைக்க மாட்டார்கள். அவர் பங்கையும் மற்றவர்கள் பகிர்ந்து செய்துவிடுவார்கள். அவர் எழுந்து நடமாடுவதைப் பார்த்தால் மறுபடி வைப்பார்கள்.

மாசியிலிருந்து அத்தையின் பங்கை ஊர் சுமக்கிறது. அப்படிச் சுமக்கும் காலம் வரைக்கும் தான் உட்கார்ந்துதான் இருக்க வேண்டும் என்று அத்தை நினைத்தார். அதுதான் அவர்களுக்குத் தரும் மரியாதை என்று நினைத்தார்.

"சின்னுசாமி தெரியுமா? காச்சல்னு படுத்துக்கிட்டு, சோளக்காட்டுச் சந்தையில நின்னு பலாச்சுளை தின்னுட்டு இருந்தான். அவனைப் பாத்தாலே இன்னும் 'காச்சல் இறங்கிருச்சா'ன்னு கேக்கறாங்க. நானே கேட்டிருக்கேன். இப்ப நானு கையை வீசிக்கிட்டு ரோட்டுல போனா?"

"நீங்க பலாச்சுளை திங்கப் போகலீங்க அத்தை. டாக்டர் சொல்லி நடக்கறீங்க."

"டாக்டர் சொன்னது உனக்கும் எனக்கும் தெரியும். கண்ணாயிக்குத் தெரியுமா?"

கண்ணாயி எங்கள் வீட்டுக்கு மேல் வீடு. இந்த வருடம் யார் யார் எந்தக் காட்டுக்கு என்று முறை வைப்பது அவர்தான். அவருடைய வாய்க்கு ஊரே பயப்படும். செம்மேட்டில் நான் கம்ப்யூட்டர் படிக்கப் போகும் மாலை வகுப்பைப் பற்றி, "மாமியா படுத்துக் கிடக்கறா, மருமவ பஸ்ஸு ஏறிப் பொட்டி தட்டப் போறா" என்று எனக்குக் கேட்கும்படியே சொல்வார். எனக்குக் கோபம் வராது. அவர் சொல்வது சரியாக இருக்குமோ என்ற பயம்தான் வரும்.

ஆடியில் காலைநேரத்தில் பனிமூட்டம் இறங்கி நிற்கும். எதிரே வருகிற மாடுகூடப் பக்கத்தில் வந்தால்தான் தெரியும். நான் அதைத்தான் நம்பினேன். வெளிச்சம் வந்தும் வராத நேரத்தில் அத்தையைத் தலையில் துண்டு சுற்ற வைத்து, மிளகுத் தோட்டத்து வழியாக ஓடைவரை கூட்டிப் போனேன். முதல் நாள் பாதி வழியில் மூச்சு வாங்கி ஒரு சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் நெஞ்சு துடிப்பது சேலைக்கு மேலேயே தெரிந்தது. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? மேடம் நடக்கச் சொன்னார், ஆனால் மேட்டில் நடக்கச் சொன்னாரா? இங்கே எங்கே போனாலும் மேடுதான். அன்று அங்கிருந்தே திரும்பிவிட்டோம். மறுநாள் அந்த மரத்தைத் தாண்டி அடுத்த மரம்.

இரண்டாவது வாரத்தில் ஒரு மாற்றம் வந்தது. அத்தை மத்தியானம் தூங்குவதை விட்டுவிட்டு இரவில் தூங்கினார். களி வேண்டும் என்று கேட்டுச் சாப்பிட்டார். ஒரு நாள் குழம்பில் உப்பு அதிகம் என்று என்னைத் திட்டினார். மாசிக்குப் பிறகு அவர் யாரையும் திட்டியதில்லை. சதீஷ்குமார் அடுப்படிக்குள் வந்து, "அம்மா திட்டறாங்க, கேட்டியா?" என்று ஏதோ விருந்தாளி வந்ததைப் போலச் சொன்னார். கரிக்கோட்டுக்கு மேலே இரண்டு விரல் அளவு தள்ளிப் புதுக் கோடு போட்டேன்.

அந்த வாரம்தான் ஓடைத் திருப்பத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு புல்லுக்கட்டு வந்தது. புல்லுக்கட்டுக்குக் கீழே கண்ணாயி.

அத்தை சட்டென்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டுவது போல ஒரு அடி வைத்தார். காலில் அவருக்கு ஒன்றும் இல்லை.

"காலு நல்லாத்தான் இருந்துது, இப்பத்தான் கெட்டுப் போச்சாட்ட இருக்குது" என்றார் கண்ணாயி.

"இல்லீங்க, டாக்டர்தான் நடக்கச் சொன்னாருங்க" என்றேன் நான்.

"சொல்லட்டும் கண்ணு, சொல்லட்டும். நல்லா ஆனா எங்களுக்கும் சந்தோசந்தானே." புல்லுக்கட்டை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்து எங்களைத் தாண்டிப் போனார். கொஞ்ச தூரம் போன பிறகு பனிக்குள்ளிருந்து, "நாளைக்கி எங்க காட்டுலதான் களை" என்ற குரல் மட்டும் வந்தது.

அன்று மாலை வகுப்புக்குப் போய்விட்டுத் திரும்பியபோது வாசலில் களைக்கொத்து இருந்தது. மழையில் நனைந்து, கைப்பிடி வீட்டைப் பார்த்தபடி கிடந்தது. என் பங்குக்கு வைத்ததாகவும் இருக்கலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். ஆனால் இந்தச் சுற்றில் என் பங்கு முந்தின நாளே முடிந்துவிட்டது. அதை எடுத்து விறகுக்குப் பின்னால் செருகிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல உள்ளே போனேன்.

அத்தை அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "எங்க வெச்சே?" என்றார்.

"எதை அத்தை?"

"என் களைக்கொத்தை. கண்ணாயி வெச்சுட்டுப் போனதை நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவரே விறகைத் தள்ளி எடுத்தார். சதீஷ்குமார் சொல்லிப் பார்த்தார், நான் அழுதும் பார்த்தேன். "வெச்ச கொத்தைத் திருப்பி அனுப்பற ஊடு இது இல்ல" என்றார் அத்தை. உண்மையைச் சொன்னால் அவர் முகத்தில் கோபம் இல்லை. ஊர் தன்னை மறுபடி ஆளாக எண்ணிவிட்டது என்பது போல ஒரு தெளிவு இருந்தது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

மறுநாள் என் முறை இல்லாவிட்டாலும் நானும் போய் அவர் பக்கத்து வரிசையிலேயே களை எடுத்தேன். இடது கையால் பிடிக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். முதலில் கேட்டார். வெயில் ஏறியதும் மற்றவர்கள் வரிசையில் முந்திப் போனார்கள். அத்தை பின்னால் நிற்பதை விரும்பாமல் இரண்டு கையாலும் இழுக்கத் தொடங்கினார். சாயங்காலம் வரை நிமிரவில்லை.

அடுத்த நாள் காலையில் கை வீங்கியிருந்தது. கண்ணாடி வளையல் சதைக்குள் பதிந்து, சோப்பு போட்டுத்தான் கழற்ற முடிந்தது. சுவரில் விரல் பழைய கோட்டுக்கும் கீழே நின்றது.

நான் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினேன். ருக்ஸார் மேடம் சிவந்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, காய்ச்சல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை என்றேன். திரும்பி ஓடித் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து மறுபடி இல்லை என்றேன். கையைத் தலையணையில் உயர்த்தி வைக்கச் சொன்னார். இரண்டு நாளில் வற்றாவிட்டாலோ, சிவந்தாலோ உடனே கூட்டி வரச் சொன்னார்.

"வேலையே செய்யக் கூடாதுங்களா மேடம்?"

"யாரு சொன்னா? செய்யலாம். ஆனா இத்தனை மாசமா உக்காந்திருந்த கையை ஒரே நாள்ல காட்டுல இறக்கினா அது என்ன பண்ணும்? கொஞ்சங்கொஞ்சமா ஏத்தணும். இன்னொண்ணு, களை எடுக்கறப்ப கை கீழதானே போகுது. நமக்கு மேல போகணும்."

"இனிமே பயிற்சி செய்யலாங்களா?"

"வீக்கம் வத்தினதும் மெதுவா ஆரம்பிங்க. விட்டுடாதீங்க."

வீக்கம் வற்றியது. ஆனால் அத்தை ஆரம்பிக்கவில்லை. சுவர்ப் பக்கம் வரச் சொன்னால் திரும்பிப் படுத்துக்கொண்டார். "போதும் சாமி. நடந்தா கொத்து வரும். கொத்து வந்தா போகோணும். போனா கை வீங்கும். நான் உக்காந்தே இருந்துக்கறேன். யாருக்கும் தொந்தரவு இல்ல."

"கரண்டு வைக்கணுமே அத்தை."

"வெக்க முடியலைன்னா விடு."

அதைச் சொன்னபோது அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. கரண்டு வைக்காவிட்டால் நோய் அதே இடத்தில் திரும்ப வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் சொன்னது என் காதில்தான் விழுந்தது. அதை அத்தையிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியாமல் இத்தனை நாளும் நான் சொல்லவே இல்லை. அன்றும் சொல்ல வரவில்லை. ஆவணி பிறந்துவிட்டது.

நடக்கக் கூட்டிப் போனது நான். பிடிபட்டதும் என்னால்தான். வீட்டிலேயே கூடத்தில் மேலும் கீழுமாக நடக்க வைத்திருந்தால் போதுமாயிருந்திருக்குமோ என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். சதீஷ்குமார் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் செங்கோடனிடம் போய்ப் பேசுகிறேன் என்றார். ஆனால் மார்பு, அக்குள் என்றெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது என்று அவரே தயங்கினார். இது பெண்களிடம் பேச வேண்டிய விஷயம். பேச வேண்டியவள் நான். அது தெரிந்த பிறகும் இரண்டு நாள் கடத்தினேன்.

மூன்றாம் நாள் கலைமணி வீட்டுக் காட்டில் களை. கலைமணி என் வயதுப் பெண், கொஞ்சம் நன்றாகப் பேசுவாள். மத்தியானம் பலாமரத்தடியில் எல்லோரும் தூக்குப்போசியைத் திறந்து உட்கார்ந்தபோது நான் எழுந்து நின்றேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. எல்லோர் தலையிலும் உரச்சாக்கு மாட்டியிருந்தது.

"அத்தையைப் பத்திக் கொஞ்சம் சொல்லோணுங்க" என்றேன். வரிசையாகச் சொல்ல வேண்டியதை மனதில் அடுக்கி வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் வரிசை போய்விட்டது. "அவுங்க நடிக்கலீங்க" என்று கடைசியில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட்டேன்.

"யாரு நடிச்சான்னு சொன்னது?" என்றார் கண்ணாயி.

"நீங்கதானுங்க கொத்து வெச்சீங்க."

"நடந்தா, அதனால வெச்சோம். அது முறை. நடக்கறவளுக்கு வெக்காம உட்டா நாளைக்கு எல்லாரும் படுத்துக்குவாங்க. சின்னுசாமிதான் மொதல்ல படுப்பான்."

பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கண்ணீர் வரப் பார்த்தது. பேசினால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. அதனால் ஈர வரப்பில் அப்படியே மல்லாந்து படுத்தேன்.

"ஐயோ, இந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு?"

"இப்படித்தானுங்க படுக்க வைப்பாங்க" என்றேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி மண்ணில் வைத்தேன். மழைத்துளி கண்ணில் விழுந்தது. "மேல மெசினு இருக்கும். கொஞ்சங்கூட அசையக் கூடாதுங்க. வாரத்துல அஞ்சு நாளு, தெனமும். கை இப்படி இருந்தாத்தான் கரண்டு வைப்பாங்க." இடது கையைத் தோள் மட்டத்துக்கு இறக்கினேன். "அத்தைக்கு இவ்வளவுதானுங்க வருது. இந்த மாசக் கடைசிக்குள்ள மேல ஏறலைன்னா வைக்க மாட்டாங்க. வைக்கலைன்னா நோவு திரும்பி வந்துரும்னு பயமா இருக்குதுங்க. அதுக்குத்தான் கையைத் தூக்கறதும் நடக்கறதும். நோவு தீந்து நடக்கலீங்க, தீரட்டும்னு நடக்கறாங்க."

யாரும் சிரிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தேன். முதுகு முழுக்கச் சேறு.

"இவ்வளவுதானா வருது?" என்றார் கண்ணாயி, தன் கையை நான் காட்டிய மட்டத்தில் நிறுத்தி. அவர் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. "அன்னைக்கு என் காட்டுல பூராக் களையும் எடுத்தாளே."

"அதுக்கப்புறம் வீங்கிப் போச்சுங்க."

"சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு வாயி இருக்குது உங்க ரெண்டு பேருக்கும்?"

"நீங்க பேச உட்டாத்தானே சொல்லும் அந்தப் புள்ள" என்றாள் கலைமணி.

"நீ சோத்தைத் தின்னு" என்றார் கண்ணாயி.

அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் எழுந்து வரிசைக்குப் போனார்கள். நான் ஊரின் முன்னால் அத்தையின் உடம்பைப் பற்றிப் பேசிவிட்டேன். அது அவர் காதுக்குப் போனால் என்னை மன்னிப்பாரா என்று புதுப் பயம் ஒன்று சேர்ந்துகொண்டது.

மறுநாள் காலையில், வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, கண்ணாயி எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒன்றும் இல்லை.

"பாப்பாயக்கா, எந்திரி. இன்னைக்கு உன் முறை."

அத்தை உள்ளே இருந்து மெதுவாக வந்தார். வாசலைப் பார்த்தார். "கொத்து எங்க?"

"கொத்து வேண்டாம். ஓடை வரைக்கும் போயிட்டு வரோணும். அதான் உன் முறை."

"என்னடி இது? நடக்கறதெல்லாம் ஒரு முறையா?"

"முறை வெக்கறது நானா, நீயா? இந்த வருசம் நான்தான். உனக்கு ஓடை வரைக்கும் வெச்சிருக்கேன். வரமாட்டேன்னா சொல்லு, முறை தப்பினவன்னு ஊருக்குள்ள சொல்லிக்கறேன்."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். எல்லாம் தெரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு துண்டை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டு வாசலில் இறங்கினார். பட்டப்பகலில், ஊர்த் தெரு வழியாக, நடுரோட்டில் போனார்கள். கடை முன்னால் நின்ற சின்னுசாமி, "எங்கீங்க இவ்வளவு காலையில?" என்று கேட்டார். "வேலைக்கு" என்றார் அத்தை.

அன்றிலிருந்து காலையில் யாராவது ஒருவர் வந்தார்கள். கண்ணாயிதான் அதிகம் வந்தார். மாலையில் கலைமணி வருவாள். இதனால் எனக்குக் கவலை குறைந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் குறையவில்லை. கண்ணாயி சுவர்ப் பயிற்சிக்கும் உள்ளே வந்து நின்றுகொண்டார். "இன்னும் தூக்கு, இன்னும் தூக்கு, கஞ்சி குடிக்கலியா நீ?" என்று விரட்டினார். அத்தை முகம் சுளிப்பதைப் பார்த்து நான் நடுவில் போய் நிற்பேன்.

"இழுக்குதுங்களா, குத்துதுங்களா அத்தை?"

"இவ வாயிதான் குத்துது" என்பார் அத்தை.

ஆனாலும் சரியான பதில் வரும்வரை நான் விட மாட்டேன். இழுக்குது என்றால் இன்னும் கொஞ்சம். குத்துது என்றால் கண்ணாயியையே வெளியே அனுப்பிவிடுவேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் வளையல் போடும் இடத்தை ஒரு நூலால் சுற்றிப் பார்ப்பேன், வீக்கம் இருக்கிறதா என்று. நூலை நேற்றைவிட இறுக்கிப் பிடித்தேனோ என்று அவிழ்த்து மறுபடி சுற்றுவேன்.

கரிக்கோடுகள் ஏறின. ஒரு வாரம் வேகமாக ஏறி, பிறகு காது மட்டத்தில் வந்து நின்றன. சேலம் போகும் நாள் வரைக்கும் அங்கேயே நின்றன. குச்சியைப் பிடித்துப் படுத்தால் நெற்றிவரை போகும். தலைக்கு மேல் ஒரு நாள் போகும், மறுநாள் போகாது. போகும் நாள் எது, போகாத நாள் எது என்பதற்கு என்னால் எந்த ஒழுங்கையும் கண்டுபிடிக்க முடியவில்லை. மழை, தூக்கம், சாப்பாடு எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை.

போகும் முந்தின நாள் காலையில் போகவில்லை.

பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து, முன்சீட்டின் மேல்கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டே வந்தார். கை அசந்து இறங்கும்போதெல்லாம் வலது கையால் எடுத்து மறுபடி கம்பியில் வைத்தார். நான் பார்க்காதது போல இருந்தேன். காரவள்ளிக்குக் கீழே சமதரை வந்ததும் தூங்கிவிட்டார். கை மடியில் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் அவரை ஸ்கேன் அறைக்குள் கூட்டிப் போனார்கள். இன்று படுக்க வைத்து அளவெடுத்து உடம்பில் புள்ளி வைப்பார்கள், அடுத்த வாரத்திலிருந்து கரண்டு. எங்களை உள்ளே விடவில்லை. தடித்த கதவு, மேலே ஒரு சிவப்பு விளக்கு. விளக்கு எரியவில்லை. எரிந்தால்தான் ஸ்கேன் ஓடுகிறது என்று அர்த்தமாம். அங்கே காத்திருந்த இன்னொரு அம்மா சொன்னார். எரியவில்லை என்றால் இன்னும் படுக்க வைத்துக்கொண்டே இருக்கிறார்கள், கை இன்னும் ஏறவில்லை. நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். சதீஷ்குமார் டீ வாங்கி வந்தார். குடித்தேனா என்று நினைவில்லை. காலையில் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்காமல் வந்துவிட்டேன். கொடுத்திருந்தால் தோள் இளகியிருக்கும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்ததைத் தடுத்திருக்க வேண்டும். அதிலேயே கை அசந்திருக்கும்.

விளக்கு எரிந்தது.

நான் எழுந்து நின்றேன். உடனே அணைந்தது. மறுபடி எரிந்தது. பக்கத்து அம்மா ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தார். "பாப்பாயி கூட வந்தவங்க யாரு? நீங்க கொஞ்சம் உள்ள வாங்க."

சதீஷ்குமார் என் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

உள்ளே நடைபாதையில் ஆஸ்பத்திரி அங்கியோடு அத்தை நின்றிருந்தார். இடது கை தலைக்கு மேல் இருந்தது. புதிதாக முளைத்த முடியின் மேல் உள்ளங்கை பதிந்திருந்தது. முழங்கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"எல்லாம் நல்லா முடிஞ்சுதும்மா. புள்ளியும் வெச்சாச்சு" என்றார் நர்ஸ். "கையை இறக்குங்கன்னா இறக்க மாட்டேங்கறாங்க. நீங்க சொல்லுங்க."

"அத்தை, முடிஞ்சு போச்சாம். இறக்குங்க."

அத்தை என்னைப் பார்த்தார். உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. "இறக்கினா மறுபடி ஏறுமா, கண்ணு?"

அடுத்த வாரம் முழுக்க, அதற்கடுத்த வாரங்களிலும், தினமும் ஏற வேண்டும். ஏறுமா என்று எனக்குத் தெரியாது.

"ஏறும் அத்தை" என்றேன். அவர் முழங்கைக்கு அடியில் என் கையைக் கொடுத்து, குத்துதா என்று கேட்டுக்கேட்டு, மெதுவாகக் கீழே இறக்கினேன்.